நல்ல தண்ணீர் குடித்த பார்லி

ஜெர்பா தீவில் குழாயைத் திறந்தால் உப்புக் கரிக்கும். கிணறும் அப்படித்தான். குடிக்கவும் டீ போடவும் முற்றத்துக்கு அடியில் இருக்கிற மழைத்தண்ணீர்த் தொட்டிதான். தாகம் என்று வந்தவருக்கு அந்தத் தண்ணீரை இல்லை என்று சொல்கிற வீடு தீவில் கிடையாது. அப்படியொரு வீட்டில் பிறந்தவள்தான் நஜீபா. அப்பா கடலில் பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ், பிடித்தவர். மகள் ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்குப் போய்ப் பயிர்களைப் பற்றிப் படித்துவிட்டு, தீவுக்கே திரும்பி ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தாள். வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தே தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. கல்யாணம் எப்போது என்று கேட்டவர்களிடம், வேலை நிரந்தரமாகட்டும் என்றாள். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

கண்ணாடிக் கொட்டகையில் பல ஜாதி பார்லியைத் தொட்டிகளில் வளர்த்து, எல்லாவற்றுக்கும் உப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். எல்லாம் கருகின. தீவின் பழைய ஜாதி ஒன்று, கறுப்பு மீசை வைத்த கதிர், அது மட்டும் நின்றது. இலையை அரைத்துப் பார்த்தால் உப்பு ஏறவே இல்லை. வேரில் வேலை செய்யும் ஒரு மரபணு உப்பைத் தடுக்கிறது என்று எழுதினாள். பெரிய ஆராய்ச்சிப் பத்திரிகைகள் அச்சடிக்க வருஷமாகும். அதனால் விஞ்ஞானிகள் தங்கள் வரைவுகளை முன்கூட்டியே போட்டு வைக்கும் பொது இணையதளத்தில் போட்டாள். உலகத்தில் யாரும் காசில்லாமல் படிக்கலாம். மொராக்கோவிலிருந்து இத்தோ என்ற விஞ்ஞானி படித்துவிட்டு விதை கேட்டாள். நஜீபா அனுப்பினாள். இத்தோ அதை நல்ல நிலத்தில் பெருக்கி, உப்புப் பூத்த வயல் வைத்திருந்தவர்களுக்குக் கொடுக்க மூட்டை கட்டி வைத்திருந்தாள். மழைக்குக் காத்திருந்தார்கள்.

இதற்கிடையில் நஜீபா கட்டுரை அனுப்பியிருந்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் சோதனையை இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னார்கள். செய்தாள். கறுப்பு மீசையும் மற்றவற்றோடு சேர்ந்து வாடியது. விதையைச் சந்தேகப்பட்டாள், மண்ணைச் சந்தேகப்பட்டாள்.

கொட்டகைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் லஸ்ஹர். ஆளுக்கு வைத்தியம் பார்க்காமல் புல்லுக்குப் பார்க்கிற டாக்டர் என்று நஜீபாவை எப்போதும் கேலி செய்வார். வாடிய வரிசையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"டாக்டரம்மா, இந்தத் தடவையும் மீசைக்காரனுக்கு எங்க வீட்டுத் தண்ணி கொண்டாரட்டுமா? போன தடவை அதுலதானே பொழச்சான்."

எந்தத் தண்ணீர் என்று கேட்டாள். அவர் ஒளிக்கவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அவள் ஸ்ஃபாக்ஸில் கிடந்தபோது, ஆகஸ்ட் வெயிலில் எல்லாம் துவண்டு நின்றதாம். தன் வீட்டுத் தொட்டியிலிருந்து மழைத்தண்ணீரைக் கேனில் சுமந்து வந்து அந்த வரிசைக்கு மட்டும் ஊற்றினாராம்.

"எங்கப்பா விதைச்ச ஜாதி மகளே அது. பக்கத்துல நின்னுக்கிட்டு சாக விடுவேனா? மத்ததெல்லாம் வெளியூர்ச் சரக்கு. அதுக்கு நான் என்ன முறை?"

நஜீபாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. மரபணுவாவது ஒன்றாவது. அந்தச் செடி தாகத்துக்குக் கிடைத்ததைக் குடித்தது, அவ்வளவுதான். அவர் மனசு நல்ல மனசு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். இத்தோவின் ஆட்கள் விதைத்தால் பட்டுப்போகத்தான் போகிறது.

மேலதிகாரி ஹம்மாதியிடம் போய், கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றாள். கெட்டவர் இல்லை, அவள் வேலைக்காக எத்தனையோ பேரோடு சண்டை போட்டவர்.

"போட்டது வரைவுதானே நஜீபா. அதை நம்பி விதைங்கன்னு நாமளா சொன்னோம்? உன்னை நிரந்தரமாக்கற ஃபைல் இப்பதான் மேல போயிருக்கு. அது திரும்பி வர்ற வரைக்கும் கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இரு."

அவள் தன் அறைக்குத் திரும்பினாள். ஃபைல் வரும்வரை மழை பொறுக்குமா? அந்தத் தளத்தில் போட்டதை அழிக்கவும் முடியாது. திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினால், அந்த வார்த்தை கட்டுரையின் தலையிலேயே என்றைக்கும் நிற்கும், காரணத்தோடு, அவள் பெயரோடு. அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தாள். லஸ்ஹர் வாசலில் வந்து நின்று, என் பேரைப் போட்டுவிடு, எனக்கென்ன, கிழவன்தானே என்றார்.

"ஊத்துங்கன்னு சொன்னேனே தவிர, எதுக்கு ஊத்தறோம்னு உங்ககிட்ட ஒருநாளும் சொல்லலையே, சாச்சா."

சோதனையில் நல்ல தண்ணீர் கலந்துவிட்டது, கவனிக்காதது என் பிழை, முடிவை யாரும் நம்ப வேண்டாம். இவ்வளவுதான் எழுதினாள். அனுப்பிவிட்டு இத்தோவுக்குப் போன் போட்டாள்.

இத்தோ கடைசிவரை கேட்டாள். முந்தாநாள் அங்கே மழை பெய்துவிட்டதாம். பாதி மூட்டை கொடுத்தாகிவிட்டது. மேல் வயல்காரர்கள் உழுது விதைத்தும்விட்டார்கள். இன்னும் விதைக்காதவர்களிடம் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்குகிறேன் என்றாள். விதைத்தவர்களுக்கு என்ன வழி என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இத்தோதான் கேட்டாள்:

"யாரு சொல்லி எங்களுக்கு இதைக் குடுத்தேன்னு கேப்பாங்க, நஜீபா. நான் என்ன சொல்லட்டும்?"

"என் பேரைச் சொல்லு. போன் நம்பரையும் குடு. திட்டணும்னா எனக்கே போட்டுத் திட்டட்டும்."

மறுநாள் காலையிலிருந்து போன் வர ஆரம்பித்தது. ஒவ்வொன்றையும் எடுத்துப் பேசினாள்.