எட்டாவது கழுத்து

விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்தால் எழும் அந்தக் கருகல் வாசனை, அறுபத்து மூன்று ஆண்டுகள் ஆகியும் என் வலது ஆள்காட்டி விரலை விட்டுப் போகவில்லை. அதற்கு "வண்டி மை" என்று பெயர், அச்சில் தடவுவது. நான் அதை ஒரு மாட்டின் கழுத்தில் தடவினேன்.

அரியலூருக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் அப்போது பதினாறு வண்டிகள், முப்பத்திரண்டு மாடுகள். எல்லாம் கல் வெட்டும் பள்ளத்திலிருந்து ரயிலடிக்குச் சுண்ணாம்புக்கல் இழுத்தவை. நுகத்தடி உரசிக் கழுத்து புண்ணாகும். ஆறுவதற்குள் மறுபடி பூட்டுவார்கள். ரத்தினம்மா என்ற நர்சு, ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுத் தன் வீட்டுக் கொல்லையில் ஆறு கால் நட்டுக் கீற்று வேய்ந்து, புண்பட்ட மாடுகளைப் பத்துப் பத்து நாள் வைத்திருந்து ஆற்றி அனுப்பினார். எங்கள் பக்கத்தில் அதற்கு முன் அப்படி ஓரிடம் இருந்ததில்லை.

"மாட்டுக்கெல்லாம் கட்டில் போட்டாச்சா நர்சம்மா? எனக்குந்தான் இடுப்பு வலிக்குது, ஒரு ஓரமா படுத்துக்கவா?" என்பார் என் அப்பா.

"வாங்கண்ணே. புண்ணாக்குதான் போடுவேன், பரவால்லீங்களா?"

எல்லாக் கழுத்தும் நுகத்தடியில்லாமல் இருப்பது மாட்டுப் பொங்கல் அன்றுதான் என்பதால், மாடுகளைக் குளிப்பாட்டும் ஏரிக்கரைக்கு அன்று காலை ரத்தினம்மா நோட்டும் கையுமாக வருவார். புண்ணுள்ளவற்றை அங்கிருந்தே ஓட்டிப் போவார். நல்ல நாளும் அதுவுமாக வண்டிக்காரர்கள் மறுக்கமாட்டார்கள்.

எனக்குப் பதினொரு வயது. எங்கள் செவலையின் கழுத்தில் எட்டணா அகலத்துக்குப் புண். சாயங்கால ஊர்வலத்தில் பிள்ளையார் கோயில் வரைக்கும் அதை நான்தான் பிடித்துப் போவதாக இருந்தது. கொம்புக்கு வர்ணமும் அடித்தாயிற்று. ஈ மொய்த்துக் காட்டிக்கொடுக்காதபடி புண்மேல் மையை அப்பி, அதன்மேல் மாலையைப் போட்டேன்.

"எண்ணிக்கைக்காரரே, ஒங்க தெருவுல புண்ணு எத்தனைங்க?" என்றார் ரத்தினம்மா. எதையும் எண்ணிவைக்கும் பையன் என்று என் கணக்கை அவர் சரிபார்ப்பதில்லை.

"ஏழு" என்றேன். எழுதிக்கொண்டார்.

மறுநாள் மையைப் பார்த்த அப்பா, யாரோ போட்ட கைமருந்து என்று நினைத்துச் செவலையை வண்டியில் பூட்டினார். ஒன்பதாம் நாள் ரயிலடி மேட்டில் அது முன்னங்கால் மடிந்து விழுந்தது. மைக்கு அடியில் புழு வைத்திருந்தது. ஓடிவந்த ரத்தினம்மா முந்தானையைக் கிழித்துத் துடைத்தார். துணியில் ஒட்டிய கறுப்பை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எண்ணத் தெரிஞ்ச புள்ள, ஒண்ண வுட்டுட்டியே சாமி."

மறுநாள் செவலை செத்தது. அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு அவர் ஒவ்வொரு மாலையையும் தானே தூக்கிப் பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

இப்போது அந்தத் தெருவில் வண்டி ஒன்றுகூட இல்லை. நேற்று உடையார்பாளையம் சாலையில் கால்மணி நேரத்தில் நாற்பத்தொரு லாரிகள் எண்ணினேன். அவருடைய கொட்டகை நாலு கட்டடமாகி, நாய்களும் கழுதைகளுமாக நிறைந்திருக்கிறது. அவர்தான் இல்லை, பதினெட்டு ஆண்டாகிறது. வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் அவருடைய முதல் நோட்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு நேரே ஏழு என்றிருக்கிறது. எட்டு என்று திருத்தும்படி அங்கிருந்த பெண்ணிடம் சொன்னேன்.

"அது அம்மா கையெழுத்துங்க சார். அதுல யாரும் கை வைக்கக்கூடாதுங்க."

சரியம்மா என்று சொல்லிவிட்டு, கேட்டைத் தாண்டும்வரை ஒவ்வொரு கழுத்தாக நினைத்து எண்ணிப் பார்த்தேன். எட்டுதான்.