மூடிய கேட்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிறவன் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். படித்தவன் இதையெல்லாம் நம்பலாமா என்ற வீம்பு வேறு. நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

ஐ.நா. அமைதிப்படையில் ஓர் ஆப்பிரிக்க நாட்டுக்குப் போயிருந்தேன். ஊருக்குள் சுட ஆரம்பித்ததும் ஜனங்கள் எங்கள் முகாமுக்கு ஓடி வந்து, இரும்புத் தகடு அடித்த கேட்டைக் கல்லால் தட்டினார்கள். உத்தரவு வராமல் திறக்கக் கூடாது. நான் திறந்தேன். பாதிப் பேர் உள்ளே வந்திருப்பார்கள், அதிகாரி மூடச் சொல்லிக் கத்தினார், மூடினேன். வெளியே தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

லீவில் அந்தமானுக்கு, கராச்சர்மாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தேன், பின்னாலேயே கடிதம் வந்தது. உத்தரவை மீறித் திறந்தது தவறு, மன்னிக்கவும் என்று எழுதிக் கொடுத்தால் வேலை தப்பும்.

அக்காவின் கணவர் பேனாவைத் திறந்தே கையில் கொடுத்தார். "பாகலா மாப்ள நீ, பைத்தியமா? ஒரு சைன்தான? இந்த நௌக்ரி போனா மறுபடி ரப்பர் தோட்டத்துக்கா போகப் போற?"

பட்டப்பகல். பேனா காகிதத்தில் பட்டதும் டங், டங் என்று கல் இரும்பில் மோதும் சத்தம். எங்கள் வீட்டுக்கு மூங்கில் வேலி, மூங்கில் படல். தட்டுவதற்கு இரும்பே கிடையாது. எனக்கு மட்டும் கேட்டிருந்தால் மனப்பிராந்தி என்று விட்டிருப்பேன். மச்சான்தான் முதலில் எழுந்தார்.

"கோன் ஹை? எவன்டா தகரத்த அடிக்கிறது?"

போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "யாரும் இல்ல மாப்ள." சத்தம் மட்டும் நிற்கவில்லை.

நான் எழுதினேன்: 'திறந்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். மறுபடி தட்டினாலும் திறப்பேன். மூடியதற்குத் தண்டனை இருந்தால் கொடுங்கள்.' கையெழுத்தைப் போட்டேன், சத்தம் நின்றது. வேலை போனால் போகட்டும்.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். அவருக்குக் காது மந்தம், எதுவும் கேட்டிருக்காது.

"ஏன்டா, வந்தவங்கள வெயில்லயே நிக்க வச்சிருக்க? உள்ள கூப்புடு. பாவம், மெத்தையச் சுருட்டித் தலையில வச்சிக்கிட்டு நிக்குதுங்க."

போய்ப் படலைத் திறந்தேன். தெருவில் ஒருவரும் இல்லை.

அந்த ஜனங்கள் மெத்தையைத் தலையில் சுமந்து வந்ததை நான் கடிதத்தில் எழுதவில்லை. வீட்டிலும் யாரிடமும் சொன்னதில்லை.