காற்றுக்கு ஒரு சாண்

1996, ஜூலை: உத்தமபாளையம் அருகேயுள்ள கல்லூரி ஒன்றின் கூடைப்பந்துக் குழு, மாநில இறுதிப் போட்டிக்கான தகுதிச் சுற்றில் தோற்றது. பயிற்சியாளர் காஜா மைதீன்.
1997 முதல் 2009 வரை: தகுதி பெறவில்லை.
2009, டிசம்பர்: காஜா மைதீன் மாரடைப்பால் காலமானார்.
2010, ஆகஸ்ட்: அக்குழு தகுதி பெற்றது.

நான் பாடம் நடத்தும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஊரில், மார்ச் மாதத்து ஒரு ஞாயிறு மாலை தெருக்கள் வெறிச்சோடிவிடும். பருவ ஆட்டங்கள் முடிந்தபின் நடக்கும் பெரும்போட்டிக்கு எந்தெந்தக் கல்லூரிக் குழுக்கள் அழைக்கப்பட்டுள்ளன என்று தொலைக்காட்சியில் பெயர் வாசிப்பார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் கேட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. இவ்வாண்டும் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயினும் பக்கத்து வீட்டு டாம், குழுவின் மஞ்சள் சட்டையை அணிந்துகொண்டு, கடைசிப் பெயர் வரை அசையாமல் அமர்ந்திருப்பார். பிறகு பெட்டியை அணைத்துவிட்டு, "அடுத்த வருஷம்" என்பார். இதை இங்கே வறட்சி என்கிறார்கள். பெரியாற்றுத் தண்ணீர் திறக்கும் நாளுக்காக வயல்கள் காத்துக் கிடந்த ஊரில் வளர்ந்த எனக்கு, ஒரு பந்தாட்டத்துக்கு அச்சொல் சற்று மிகையாகவே பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

ஊரில் என் நண்பர் காஜாவின் குழுவும் இப்படித்தான் காத்திருக்கிறது என்று டாமிடம் ஒருமுறை சொன்னேன். திறந்தவெளி மைதானம், பலத்த காற்று என்று விளக்கினேன். "கூரை போட்டுவிடலாமே?" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

ஆடி பிறந்தால் மேற்கு மலையிடுக்கு வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கினுள் இறங்கும் காற்றை அவருக்கு எப்படிச் சொல்வது? ஓடைப்பட்டியில் திராட்சைப் பந்தலை அசைக்கும் அக்காற்று எங்கள் கல்லூரி மைதானத்தில் பந்தைக் கிழக்கே தள்ளும். ஆகவே நாங்கள் எப்போதும் பயிற்சி செய்யும் வடக்கு வளையத்தை நோக்கி எறிபவன், ஒரு சாண் இடப்பக்கம் குறிவைப்பான். காஜாவும் நானும் மாணவர்களாக அப்படித்தான் பழகினோம். நான் கடல் கடந்தேன். அவர் அதே மைதானத்தில் பயிற்சியாளரானார்.

தொண்ணூற்றாறில் விடுமுறைக்குச் சென்றிருந்தபோது, மதுரை உள்ளரங்கில் அவர் மாணவர்கள் தோற்றதைப் பார்த்தேன். எறிந்த பந்தெல்லாம் வளையத்துக்கு இடப்புறமே போயிற்று.

"பாத்தியா மாப்ள? நம்ம பயலுக காத்துக்குக் கழிச்சு எறியிறானுக. இங்கன ஏது காத்து?" என்றார் காஜா.

"நேராக எறியச் சொல்ல வேண்டியதுதானே?"

"ஏலே, நீ எறிஞ்சு காட்டு பாப்போம்!"

காலியான அரங்கில் எறிந்தேன். பந்து இடப்புறம் ஒரு சாண் தள்ளிப் போய் விழுந்தது. காஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அமெரிக்காக்காரனையும் ஆடிக்காத்து விடல பாரு! ஒரே ஒரு தடவ இந்த வெளியூர்க்காரனுகள நம்ம மைதானத்துல ஆட விட்டுப் பாக்கணும்டா."

தேனி பேருந்து நிலையத்தில் விடைபெறும்போது, "உன் குழு இறுதிப் போட்டிக்குப் போகட்டும், வந்துவிடுகிறேன்" என்றேன்.

"அப்ப வரவே மாட்டேன்னு நேராச் சொல்லு மாப்ள."

வேடிக்கையாகத்தான் பேசினோம். பெற்றோர் மறைந்தபின் அந்தப் பள்ளத்தாக்கில் எனக்கென்று இருந்தவர் அவர் ஒருவரே. ஒவ்வோர் ஆண்டும் தோல்விக்குப் பிறகு தொலைபேசியில் அழைப்பார்: "இந்த வருசமும் தப்பிச்சுக்கிட்ட மாப்ள!" நானும் சிரிப்பேன், ஒரு பயணம் தள்ளிப்போகும்.

அவர் இறந்த அன்றே அடக்கம் செய்துவிட்டார்கள். கிளம்பியிருந்தாலும் முகம் பார்த்திருக்க முடியாது என்று பலர் ஆறுதல் சொன்னார்கள். அது உண்மைதான். ஆறுதலாகத்தான் இல்லை.

தகுதிச் சுற்றை எங்கள் மைதானத்தில் நடத்துமாறு அவர் ஆண்டுதோறும் கேட்டுவந்தார். அவர் மறைந்த மறு ஆண்டு அனுமதி கிடைத்தது. அவர் மனைவி நூர்ஜகான் அழைத்தார்.

"அண்ணே, நம்ம பிள்ளைக ஜெயிச்சிருச்சுக. வெளியூர்க்காரக எறிஞ்ச பந்தெல்லாம் கெழக்க ஓடிருச்சாம். அவுக இருந்திருந்தா மைதானத்துலயே ஆடியிருப்பாக." பிறகு கேட்டார்: "நீங்க வர்றேன்னு சொல்லியிருந்தீகளாமே?"

"பார்க்கிறேன் அம்மா" என்றேன்.

செய்தியைக் கேட்டதும் டாம் இரு கைகளையும் உயர்த்திக் கூவினார். "இன்று உலகத்திலேயே மகிழ்ச்சியான மனிதர் உங்கள் நண்பர்தான்!" என்று என் தோளை உலுக்கினார். காஜா இறந்ததை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. ஆமாம் என்றேன்.

மறுநாள் காலை பல்கலைக்கழக உள்ளரங்குக்குப் போனேன். நான்கு புறமும் சுவர், மேலே கூரை. ஓர் இழை நூல்கூட அசையாது. பந்தை எடுத்து எறிந்தேன். அது இடப்புறம் ஒரு சாண் தள்ளிப் போயிற்று. கிழக்கே தள்ளிக் கொண்டுவர அங்கே ஒன்றும் இல்லை.

இன்னும் செய்யாதவை:
நூர்ஜகானுக்குப் பதில் சொல்வது.
காஜா இல்லை என்பதை டாமிடம் சொல்வது.
இறுதிப் போட்டிக்குப் போவது. அதற்கு முன், காஜாவை அடக்கம் செய்த உத்தமபாளையம் மையவாடிக்கு.
நேராக எறியப் பழகுவது. இதற்கு மட்டும் அவசரமில்லை.