புண் கட்டும் அறையின் கேமரா

அழிந்துபோன படங்களை மீட்டெடுப்பதுதான் நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை. ஞாயிறு மதியம். சாப்பிட்டுத் துடைத்த மேசையில் ஈரம் இன்னும் காயவில்லை. காய்ந்த மூலையில் என் மடிக்கணினி. அதில் நகத்தளவு மெமரி கார்டு. திரையில் பதினெட்டு சதவீதம்.

"என்னடி, அசையவே மாட்டேங்குது?"

"அசையுதும்மா. மெதுவா."

"எங்க ஆஸ்பத்திரி லிஃப்ட் மாதிரி."

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு நோயாளியின் இடது பாதத்தைப் பற்றிப் பெரிய டாக்டர் முடிவெடுக்க இருந்தார். அந்தப் பாதத்தின் எட்டு வாரப் படங்கள் அந்தக் கார்டில் இருந்தன. அவை அழிந்ததற்குக் காரணம் நான்.

அம்மா அரசு மருத்துவமனையில் புண் கட்டும் அறையின் நர்ஸ். முப்பத்தொரு வருடம் அதே அறை. ஒரு மேசை, ஒரு ஸ்டூல், கிழக்கே ஒரு ஜன்னல். பிளாஸ்டரைப் பிய்க்கும்போது நோயாளியிடம் ஏதாவது கேள்வி கேட்பாள். பதில் சொல்லி முடிப்பதற்குள் பிளாஸ்டர் கையோடு வந்திருக்கும். வீட்டில் என்னிடமும் அதே உத்திதான். என் பத்தாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண்ணை முதன்முதலில் கேட்டது என் முழங்கால் கட்டை அவிழ்த்தபோதுதான்.

கேமராவை யாரோ நன்கொடையாகக் கொடுத்தார்கள். பென்சில் செல் இரண்டு போட்டு ஓடும் சாதாரணக் கேமரா. அறையில் யாரும் அதைத் தொடவில்லை. அம்மா தொட்டாள். தினமும் பார்க்கிற கண்ணுக்குப் புண் ஆறுவது தெரியாது. வாரம் ஒரு படம் இருந்தால் தெரியும் என்பது அவள் கட்சி. அதன் பிறகு வாரம் ஒருமுறையாவது எனக்கு ஃபோன் வரும். நான் வேறு ஊரில், கணினிகளின் சேமிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன்.

"கேமரா செத்துப்போச்சுடி. மூணு படம், அவ்வளவுதான்."

"செல் மாத்தினியா?"

"பிபி மிஷின்ல இருந்து எடுத்துப் போட்டேன். அதுல நல்லாத்தானே ஓடுச்சு!"

பிபி மிஷினுக்குச் சொட்டுச் சொட்டாக மின்சாரம் போதும், கேமரா மடக்கென்று குடிக்கும் என்றேன். அம்மா சொன்னாள்: "அப்ப இந்த செல்லுக்கு நடக்க முடியுது, மாடி ஏற முடியல. நெஞ்சு வலி கேஸ். சரி, புதுசு போடறேன்."

கிட்டே போனால் படம் மங்குகிறது என்றாள். பூ போட்ட பொத்தானை அழுத்தச் சொன்னேன். அன்றிலிருந்து அந்த அறையில் "பூ போட்டு எடு" என்பது தொழில்நுட்பச் சொல்லாகிவிட்டது. ஈரமான புண் ஃப்ளாஷில் வெள்ளையாக மின்னுகிறது என்றாள். மின்னல் குறியை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் ஸ்டூலைத் திருப்பச் சொன்னேன். ஒருநாள் லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகாமல் நின்றது. நான் காரணத்தை யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "இரு, பஞ்சு இழை ஒண்ணு மாட்டியிருக்கு" என்று இடுக்கியால் எடுத்துவிட்டாள்.

எனக்குத் தீர்க்கத் தெரியாதவற்றை அவளே தீர்த்தாள். டியூப்லைட்டில் நிறம் பச்சையடித்தது. சிவந்த சதையா, சீழா என்பது அங்கே முக்கியம். ஒவ்வொரு படத்திலும் ஓரமாக ஒரு வெள்ளைத் துணித்துண்டை வைத்தாள். துணி பச்சையாகத் தெரிந்தால் படத்தை நம்பாதே என்பது கணக்கு. செல்லைக் கழற்றும்போதெல்லாம் கேமராவின் தேதி பழைய ஏதோ ஒரு ஜனவரி ஒன்றுக்குப் போய்விடும். அதைத் திருத்தித் திருத்தி அலுத்து, ஒரு சீட்டில் தேதியும் படுக்கை எண்ணும் எழுதி, ஒரு துண்டு அளவு நாடாவோடு புண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க ஆரம்பித்தாள். ஒரு தடவைக்கு மூன்று படம். "ஒண்ணு மங்கினா, ஒண்ணு ஆடினா, ஒண்ணு மிஞ்சும்."

பாதத்துக்குரியவர் ஒரு லேத் பட்டறைக்காரர். நாள் முழுக்க நின்று செய்யும் வேலை. சர்க்கரை நோயால் உள்ளங்காலில் உணர்ச்சி போய், குத்தியதே தெரியாமல் வந்த புண். எட்டு வாரமாகியும் கேஸ் சீட்டில் "அப்படியே உள்ளது" என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். முன்பாதத்தை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அம்மா, புண் சுருங்குகிறது, படம் இருக்கிறது, பெரிய டாக்டர் விடுப்பு முடிந்து வரட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"நான் நிக்க வேண்டிய ஒத்தக் கால்ல நீங்க எதுக்கு சிஸ்டர் நிக்கறீங்க?" என்றாராம் பட்டறைக்காரர்.

"பேசாம கால நீட்டுங்க. ரெண்டு கால்லயும் நிக்க வேண்டியவர் நீங்க."

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு ஃபோன் வந்தது. கார்டில் ஏதோ பிழை என்கிறது கேமரா. நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன். "ஃபார்மேட் பண்ணிடும்மா, சரியாயிடும்" என்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்காகத்தான் எனக்குச் சம்பளமே. அம்மா செய்தாள். கேமரா வேலை செய்தது. ஜன்னலை ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். சாயங்காலம் மறுபடி ஃபோன்.

"படம் ஒண்ணையும் காணோமேடி."

இனி ஒரு படம்கூட எடுக்காதே என்று மட்டும் சொன்னேன்.

"தொடவே மாட்டேன். பஞ்சு சுத்தி டப்பால வெச்சிட்டேன்."

ஃபார்மேட் அழிப்பது பெரும்பாலும் பட்டியலைத்தான். மேலே புதிதாக எழுதாதவரை படங்கள் கிடக்கும். ஞாயிறு காலை ஊருக்கு வந்தேன். மாலை நான்கரை மணிக்கு இருநூற்றுப் பதினான்கு படங்கள் வந்தன. பெயர் இல்லை, வரிசை இல்லை, எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு ஜனவரி ஒன்று. என் மென்பொருளால் அதற்குமேல் முடியாது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். சீட்டைப் படித்துச் சொன்னாள், நான் அடுக்கினேன்.

கார்டின் தொடக்கத்தில் இருந்தது பட்டறைக்காரரின் முதல் வாரம். அதன் முதல் படத்தின் மேல் வெள்ளிக்கிழமை எடுத்த ஜன்னல் படம் எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது படத்தில் பாதி சாம்பல் நிறம். மூன்றாவது முழுசாக இருந்தது. நாடாவை வைத்து அளந்தேன். முதல் வாரம் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். எட்டாவது வாரம் பத்தொன்பது.

"வரைபடம் போட்டுத் தரட்டுமா?"

"கோடெல்லாம் வேண்டாம். படத்தையே காட்டறேன். காலத்தான வெட்டப் போறாங்க, கோட்டையா?"

திங்கள் மதியம் ஃபோனில் இரண்டே வரி பேசினாள். "கால் தப்பிச்சுதுடி. நீ சாப்ட்டியா?"

பதினோரு நாள் கழித்து, காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, அம்மாவின் இதயம் நின்றுவிட்டது.

காரியங்கள் முடிந்து, அவள் அலமாரியைக் காலி செய்ய மருத்துவமனைக்குப் போனேன். பெரிய சிஸ்டர் சாவியைத் தந்தார். மாற்றுச் சீருடை, கண்ணாடி உறை, ஒரு கோப்பு. கோப்பின் மேலே ஒரு மெமோ. பொறுப்பின்றி நோயாளிகளின் படப் பதிவுகளை அழித்ததற்காக. கீழே அம்மாவின் கையெழுத்து.

"திங்கக்கிழம டாக்டர் கேட்டார்மா, எப்படி அழிஞ்சுதுன்னு. 'நான்தான் தெரியாம அழுத்திட்டேன், என் பொண்ணு மீட்டுக் கொடுத்தா'ன்னாங்க. முப்பத்தொரு வருஷத்துல வாங்கின ஒரே மெமோ" என்றார் பெரிய சிஸ்டர்.

"எங்கிட்ட சொல்லவே இல்லயே."

"சொல்ல மாட்டாங்க. எங்க எல்லார்கிட்டயும் சொன்னது அந்த ரெண்டாவது பாதி மட்டும்தான். காது புளிச்சுப்போச்சு எங்களுக்கு."

நான் அழித்ததைத் தன் பெயரிலும், தான் மீட்டதை என் பெயரிலும் எழுதி வைத்துவிட்டாள். தேதிச் சீட்டு இல்லாமல் அன்று என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. இதை அவளிடம் சொல்லவில்லை. நன்றி என்ற சொல்லை நாங்கள் வீட்டில் பயன்படுத்தியதே இல்லை. இங்கே பயன்படுத்துகிறேன். நன்றி, அம்மா.

அலமாரியின் அடியில் ஒரு துணிப்பை. அதில் நான்காக மடித்த பழுப்புத் தாள். பிரித்தேன். ஒரு பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்த கோடு. பட்டறைக்காரரின் கால் என்றார் பெரிய சிஸ்டர். புண் மூடி வருகிறதாம், கடினமான செருப்புப் போட்டால் மறுபடி பெரிதாகும். மெத்தென்ற அடி வைத்துத் தைத்துத் தர ஆள் இருக்கிறார், அளவை நானே கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பட்டறைக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார். செருப்பு வந்தால்தான் லேத்துக்கு முன்னால் போய் நிற்க முடியும்.

தாளின் ஓரத்தில் செருப்புக் கடைக்காரருக்கு எழுதியிருந்தாள்: "இடது. குதிகால் கொஞ்சம் உயரமாக. விரல் பக்கம் இறுக்கக் கூடாது. அவருக்கு இறுக்குவது தெரியாது, அதனால் நீங்கள்தான் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்கிறேன்."