ஐனஸுக்கு ஒரு குட்டைக் குழாய்

இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து ஐனஸ் டார்பெல் ஏணி ஏறவில்லை. கணவன் க்ளைட் முன்பு செய்து கொடுத்த தொலைநோக்கி ஏழடி நீளம். கண் வைக்கும் துளை அதன் மேல்நுனியில் இருப்பதால், உச்சி வானத்தைப் பார்க்க ஏணியில் நின்றாக வேண்டும். பதினோரு ஆண்டுகளாக ஒரே நட்சத்திரம் மங்குவதையும் தெளிவதையும் எண்களில் எழுதி வைத்தவள் அவள்; எண் கூடினால் வெளிச்சம் குறைவு. இந்த வாரம் அது மங்கத் தொடங்கும்.

அதனால் க்ளைட் மூன்றடிக் குழாய்க்கு, ஒளியைக் குவிக்கும் எட்டங்குலக் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்தான். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் அந்த இயந்திரத் தொழிற்சாலை ஊரில் கடைசல்காரர்கள் பாதிப் பேருக்கு விடுமுறை நாள் வேலை இதுதான்.

"நெட்டைக் குழாய்ன்னா கண்ணாடியைச் சும்மா உருண்டைக் குழிவா தேய்ச்சாலே போதும்டா," என்றான் கூட்டாளி வெண்டல். "குட்டைக்கு நடுவுல இன்னும் கொஞ்சம் குழிக்கணும். மயிரிழையில முப்பதுல ஒரு பங்கு! கூடிப்போச்சுன்னா உன் பொண்டாட்டி நட்சத்திரத்துக்குப் பதிலா பஞ்சுமிட்டாய் பார்ப்பா."

"வாயை மூடிட்டு விளக்கைப் பிடி."

"பிடிச்சுட்டுதான் இருக்கேன். நீ மூச்சு விடுறதுலதான் ஆடுது."

சனிக்கிழமை பிற்பகல். நிலவறையில், கண்ணாடியில் பட்டுத் திரும்பும் விளக்கொளியைப் பிளேடு விளிம்பால் பாதி மறைத்து மேடுபள்ளம் பார்த்தான் க்ளைட். கண்ணாடியில் ஒரு பக்கம் மேடு தெரிந்தது. கண்ணாடியை அவசரமாக மெருகேற்றும் தார்த்தட்டில் கவிழ்த்து அழுத்தி மூன்று இழுப்பு இழுத்தான்.

"நிறுத்து!" படிக்கட்டின் உச்சியில் ஊன்றுகோலோடு ஐனஸ். "தேய்ச்சு முடிச்சு எவ்வளவு நேரம் கழிச்சுப் பார்த்தே?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"அப்போ நீ பார்த்தது கண்ணாடியை இல்ல, உன் கைச்சூட்டுல அது வீங்கினதை."

க்ளைட் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த தப்பு; எல்லோரும் ஒருமுறை செய்கிற தப்பு.

கண்ணாடி ஆற இரண்டு மணிநேரம் காத்திருந்தார்கள். மறுபடி பார்த்தபோது மேடு இல்லை. அந்த இடத்தில் மெல்லிய பள்ளம் ஒன்று விழுந்திருந்தது.

"இதைச் சரிபண்ண ஒரு வாரம் ஆகும்," என்றான் க்ளைட் தரையைப் பார்த்தபடி.

"சனி கிரகத்து வளையமா பார்க்கப் போறேன்? பக்கத்து ரெண்டு நட்சத்திரத்தோட என் நட்சத்திரத்து வெளிச்சத்தை ஒப்பிடணும், அவ்வளவுதான். கண்ணாடிக்கு வெள்ளி முலாம் பூசு."

மறுநாள் இரவு சமையலறை நாற்காலியை முற்றத்தில் போட்டு உட்கார்ந்தாள். பார்வையின் ஓரத்து நட்சத்திரங்களுக்கு வால் முளைத்திருந்தது. நடுவில் இருந்தவை லேசாகப் பிசிறின. க்ளைட் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

வெகுநேரம் கழித்து அவள் பென்சிலை எடுத்தாள்.

"எட்டு புள்ளி ரெண்டு," என்று சொல்லி எழுதினாள். "மங்க ஆரம்பிச்சுடுச்சு."