சவர்க்கார விளம்பரம்

எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில் ஒரு சோப்பு கம்பெனி ஆபீசில் போன் எடுக்கும் வேலை எனக்கு. முதலாளி பாய் இலங்கைக்கும் சோப்பு அனுப்புகிறார். போன வருடம் அங்குள்ள தமிழ் வானொலி ஒன்றில் விளம்பரம் கொடுத்தார்.

“வெளி ஆள் எதுக்கும்மா? உங்க குரல் நல்லாத்தான இருக்கு, நீங்களே பேசிடுங்க” என்றார். பேசிக் கொடுத்தேன். சோப்பு என்பதைச் சவர்க்காரம் என்று மாற்றச் சொல்லி வானொலிக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி பேசினேன்.

கணவர் இறந்தபின் பக்கத்தில் சாரம் என்ற பகுதியில் தனியாகத்தான் இருக்கிறேன். மகன் பிரான்சில். விளம்பரத்தைப் பற்றிச் சொன்னபோது, நல்லதும்மா என்றான். ஏதோ அவசரம், வைத்துவிட்டான். நானாவது என் குரலைக் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. கோடையில் சில சாயங்காலங்களில் கடலோரத்தில் இலங்கை எஃப்.எம். எடுக்கும் என்றார்கள். சின்ன ரேடியோவோடு பஸ் ஏறிப் பிள்ளைச்சாவடிக் கடற்கரைக்குப் போனேன். படகு நிழலில் உட்கார்ந்து திருகிக்கொண்டே இருந்தேன். யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து, ஒரு நகைக்கடை விளம்பரம், எல்லாம் விட்டு விட்டு வந்தன. என் குரல் வரவில்லை. இருட்டுவதற்குள் திரும்பிவிட்டேன்.

சில நாள் கழித்து இலங்கையிலிருந்து ஒரு வயதான அம்மா, விளம்பரத்தில் சொல்லியிருந்த நம்பரைக் கேட்டு ஆபீசுக்கு போன் செய்தார். சோப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். கடை பெயரைச் சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை.

“ரேடியோவில கதைக்கிறது நீங்கள்தானே?”

ஆமாம் என்றேன்.

“பிள்ளையள் கனடாவில. வீட்டில நான் மட்டும்தான். விடிய தேத்தண்ணி வைக்கேக்க உங்கட குரல் வரும்.”

“நானும் தனியாத்தாங்க இருக்கேன்” என்றேன். அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என்ன சமையல் என்று கேட்டார். நேற்று வைத்த ரசம் என்றேன். அவர் சிரித்தார். பிறகும் ஓரிரு முறை கூப்பிட்டுப் பேசினார்.

மழைக்காலத்தோடு விளம்பரம் நின்றது. புது விளம்பரத்துக்கு அந்த ஊர்ப் பெண்ணையே பேச வைத்துவிட்டார்கள். பாய் சங்கடத்தோடு சொன்னார். பரவாயில்லை பாய் என்றேன். அந்த அம்மாவும் அதன்பின் கூப்பிடவில்லை. என்ன காரணம் சொல்லி நான் கூப்பிடுவது என்று தெரியாமல் பல மாதம் ஓடிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். ஓர் இளம்பெண் எடுத்தாள். பக்கத்து வீடாம். பிள்ளைகள் வந்து அம்மாவைக் கனடாவுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள், போனை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாராம்.

“நீங்கள் ஆர்?” என்று கேட்டாள்.

நான் யார் என்று சொல்வது? சோப்பு கம்பெனி என்று சொல்லி வைத்துவிட்டேன்.