தட்டானைக் கூப்பிட்ட பாட்டு

என் மகள் மூன்றாம் வகுப்பு படித்தபோது, ஆண்டு விழாவுக்குப் பூச்சிகளைப் பற்றிப் பிள்ளைகளே பாட்டு எழுதிப் பாட வேண்டும் என்று பள்ளியில் சொன்னார்கள். நல்ல விஷயம்தானே என்று விட்டுவிட்டேன். ஒரு சாயங்காலம் உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று பாடிக் காட்டினாள்.

தட்டானே தட்டானே தாழப் பற,
தகரக் கூரைக்குத் தாளம் கொண்டா!
எறும்பே எறும்பே முட்டையத் தூக்கு,
எங்க வீட்டு மேட்டுக்கு ஏறி வா!
ஈசலே ஈசலே எப்ப வருவ?
உனக்குன்னு லைட்டப் போட்டு வெக்கிறேன்!

எனக்குப் பகீரென்றது. தட்டான் தாழப் பறந்தால் மழை. எறும்பு முட்டையோடு மேடேறினால் மழை. ஈசல் வருவதே மழை பெய்த பிறகுதான். பட்டாம்பூச்சி எங்கே? தேனீ எங்கே? மரக்காணத்தில் இருக்கிற பூச்சிகளில் மழைப் பூச்சியாகப் பொறுக்கியெடுத்து ஒரு பாட்டா?

குத்தகைப் பாத்தியில் நாங்கள் வாரிக் குவித்த உப்பு அப்போது லாரிக்காகக் காத்துக் கிடந்தது. முந்தின வருஷம் பருவம் தப்பிப் பெய்த மழையில் பாதி கரைந்து ஓடிவிட்டது. இதுவும் போனால் பாத்தியை விட்டுவிட்டுக் கூலிக்குத்தான் போக வேண்டும்.

"யாரோ வேணும்னே சொல்லிக் குடுத்துருக்காங்க" என்றார் என் கணவர்.

யாரோ என்ன யாரோ! பக்கத்துப் பாத்திக்காரிதான். வாய்க்காலில் தண்ணீர் திருப்பியதில் எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் என் மகள் அவள் பிள்ளைகளோடுதான் விளையாடுவாள். மழை வந்தால் அவள் உப்பும்தானே கரையும் என்று நீங்கள் கேட்கலாம். அந்த வாரம்தான் புதுத் தார்ப்பாய் வாங்கித் தன் குவியலை மூடியிருந்தாள். எதற்கு அவ்வளவு அவசரம்?

மறுநாள் பள்ளிக்கே போய், இந்தப் பாட்டை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டுவிட்டேன். டீச்சர் பாண்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். சிரித்துவிட்டார்.

"அவளே எழுதினதுங்க. பட்டாம்பூச்சியையும் சேத்துக்கோன்னு நான்தான் சொன்னேன். மாட்டவே மாட்டேன்னுட்டா."

அதைக் கேட்டதும் சந்தேகம் இன்னும் ஏறியது. பட்டாம்பூச்சியை வேண்டாம் என்கிற பிள்ளை உண்டா? வீட்டுக்கு வந்ததும் மகளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"உண்மையச் சொல்லுடி. பக்கத்துப் பாத்திக்காரி சொல்லிக் குடுத்தாளா?"

"இல்லம்மா."

"அப்பறம் எதுக்குடி மழைப் பூச்சியாத் தேடித் தேடி எழுதின?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மழ வந்தா நீ வேலைக்குப் போவ மாட்டல்ல. வீட்ல இருப்ப. தல பின்னி வுடுவ."

விடியும் முன்பே நான் பாத்திக்குப் போய்விடுவேன். அவள் தலையை அவளே கோணல்மாணலாகப் பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். சாயங்காலம் சோறாக்கி இறக்கியதும் படுத்துவிடுவேன். அன்றைக்கு அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, விழாவன்று நானே பின்னிவிட்டுக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னேன். "நெஜமாவா?" என்று கேட்டாள். சத்தியம் கூடச் செய்தேன்.

மழை வரவில்லை. உப்பு முழுசாகத் தப்பித்தது. லாரி வந்தது ஆண்டு விழா அன்றைக்கு. விடியற்காலையிலேயே ஏற்ற வரச் சொல்லிவிட்டார்கள்.

நன்றாகப் பாடினாளாம். டீச்சர்தான் போன் செய்து சொன்னார்.